அம்மா மிதித்த கால், நான் நின்ற கால்

குளியலறைச் சுவரில் ரத்தம் தெறித்திருந்ததைத்தான் முதலில் பார்த்தேன். அது என் காலிலிருந்து வருகிறது என்பது அப்புறம்தான் புரிந்தது. வலி என்று ஒன்றுமே இல்லை.

தீபாவளிக்குப் பத்து நாள் இருந்தது. ஜவுளிக்கடையில் வேலை பார்ப்பவர்களுக்கு அந்தப் பத்து நாள் எப்படிப் போகும் என்று தெரியும். காலை ஒன்பதரைக்கு கவுண்டருக்குப் பின்னால் நின்றால் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம், அப்புறம் இரவு கடை சாத்தும்வரை நிற்பதுதான். அன்றைக்கு சேலம் அம்மாப்பேட்டையில் வீட்டுக்கு வந்து சேர பதினொன்றரை ஆகிவிட்டது. கால் கடுத்ததால் வெந்நீர் வைத்து ஊற்றிக்கொண்டிருந்தேன். வலது கணுக்காலுக்கு மேலே, உட்பக்கம், நாலைந்து வருடமாகப் புடைத்து நின்ற ஒரு முடிச்சு. அதன் மேல் சொம்பின் விளிம்பு லேசாக உரசியிருக்கிறது. அவ்வளவுதான். சின்னக் குழாயில் ஓட்டை விழுந்த மாதிரி பீய்ச்சி அடித்தது.

பயத்தில் நான் செய்த காரியம், கிடைத்த துண்டை எடுத்து முட்டிக்குக் கீழே இறுக்கிக் கட்டியதுதான். சினிமாவில் பாம்பு கடித்தால் அப்படித்தானே கட்டுவார்கள். கட்டிவிட்டு நின்றபடியே அம்மாவைக் கூப்பிட்டேன். ரத்தம் குறையவில்லை, கூடியது. அம்மா ஓடிவந்து பார்த்தார். "கட்டை அவுரு கண்ணு, கீழ படு" என்றார். கூடத்தில் பாய்கூட விரிக்காமல் என்னைப் படுக்கவைத்து, காலைத் தூக்கி நாற்காலி மேல் வைத்து, வேட்டித் துணியை நாலாக மடித்து ஓட்டை மேலேயே அழுத்திப் பிடித்துக்கொண்டார். எடுத்து எடுத்துப் பார்க்கவில்லை. சுவர்க் கடிகாரத்தில் பத்து நிமிடம் ஆனதும் மெதுவாக எடுத்தார். நின்றிருந்தது.

அம்மா பள்ளிக்கூடம் போனது மூன்றாவது வரைக்கும்தான். அவர் ஏன் அப்படிச் செய்தார் என்று கேட்டதற்கு, "மேல இருக்கற தண்ணி கீழ வரும், கீழ இருக்கறத மேல தூக்கிட்டா நின்னுரும்" என்றார். அந்த ஒரு வரிதான் நான் பிறகு டாக்டர்களிடமும் மகளின் அறிவியல் புத்தகத்திலும் கற்றுக்கொண்டதற்கெல்லாம் அடிப்படை. வெடித்தது சிரை, அதாவது இதயத்துக்குத் திரும்பிப் போகிற ரத்தக் குழாய். நான் துண்டைக் கட்டியது காயத்துக்கு மேலே. திரும்பிப் போகிற பாதையைத்தான் அடைத்திருக்கிறேன். இதயத்திலிருந்து தமனி வழியாக ரத்தம் காலுக்கு வந்துகொண்டே இருக்கிறது, ஆனால் மேலே போக வழியில்லை, அதனால் ஓட்டை வழியாகவே வெளியே வந்தது. இந்த மாதிரி முடிச்சு வெடித்தால் படுங்கள், காலை நெஞ்சுக்கு மேல் உயர்த்துங்கள், துணி வைத்து அதே இடத்தில் விடாமல் அழுத்துங்கள். மேலே கட்டாதீர்கள், நிற்காதீர்கள். ரத்தம் நின்றாலும் மறுநாள் டாக்டரிடம் காட்டுங்கள். நிற்காவிட்டால் விடியும்வரை காத்திருக்காமல் 108க்குக் கூப்பிடுங்கள்.

இதற்கு முன்னால் நான் வைத்தியம் பார்க்காமல் இல்லை. மூன்று வருடம் பார்த்தேன். ஆனால் தப்பான இடத்தில். நம்மூரில் கையிலும் காலிலும் பச்சையாகத் தெரிவதை நரம்பு என்றுதான் சொல்கிறோம். "பச்சை நரம்பு", "நரம்பு சுருட்டிக்கிச்சு", "நரம்பு முடிச்சு". நானும் "காலில் நரம்பு இழுக்குது டாக்டர்" என்று ஒரு கிளினிக்கில் போய்ச் சொன்னேன். நரம்புக்குச் சத்து ஊசி, சத்து மாத்திரை. மறுபடி மறுபடி அதேதான். புடவையைக் கொஞ்சம் தூக்கிக் காலைக் காட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை, நானும் கூச்சத்தில் காட்டவில்லை. நரம்பு என்பது மூளையின் சேதி போகிற கம்பி. பச்சையாகத் தெரிவது சிரை, ரத்தம் போகிற குழாய். பேச்சில் இரண்டுக்கும் ஒரே வார்த்தை இருப்பதால் எத்தனை பேர் வருடக்கணக்கில் அலைகிறார்கள் என்று நினைத்தால் எனக்கு இப்போதும் மனசு கஷ்டமாக இருக்கிறது. அதனால் டாக்டரிடம் போனால் வார்த்தையை நம்பாதீர்கள். நின்றபடி காலைக் காட்டுங்கள். படுத்தால் முடிச்சு உள்ளே அடங்கிவிடும், தெரியாது.

ரத்தம் பீய்ச்சிய மறுநாள் பார்த்த டாக்டர் ரத்தக் குழாய் அறுவை சிகிச்சை படித்தவர். அவர் என்னை ஒரு சின்ன ஸ்டூல் மேல் ஏறி நிற்கச் சொன்னார். முட்டி வரை பார்த்துவிட்டு, "எத்தனை வருஷமா நின்னுட்டே வேலை பாக்கறீங்கம்மா?" என்றார். பத்தொன்பது வருஷம் என்றேன். அப்புறம் ஸ்கேன்.

டாப்ளர் ஸ்கேன் என்கிறார்கள். அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் என் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று நான் கண்ணால் பார்த்தது அங்கேதான். நிற்கவைத்து, தொடை இடுக்கில் ஜெல் தடவி, கருவியை வைத்துக்கொண்டு, அந்தப் பெண் இன்னொரு கையால் என் கெண்டைக்காலைப் பிடித்து அமுக்கினார். மானிட்டரில் நீலமாக ஒரு வெள்ளம் மேலே ஓடியது. உஸ் என்று காற்று வீசுகிற மாதிரி ஒரு சத்தம். "இது சரியான பக்கம், மேல போகுது" என்றார். கையை விட்டார். அந்த நொடியே மானிட்டர் சிவப்பாக மாறியது, சத்தம் திரும்பியது, நிற்காமல் இழுத்துக்கொண்டே போனது. "இது திரும்பிக் கீழ வருது. அரை செகண்டுக்கு மேல திரும்பி வரக் கூடாது. உங்களுக்கு மூணு செகண்ட் வருது." அந்த நீலம், சிவப்பு எல்லாம் கருவி திசையைக் காட்டுகிற நிறம்தான், ரத்தத்தின் நிறம் இல்லை என்பதையும் அவரே சொன்னார். சிரையில் ஓடுகிற ரத்தமும் சிவப்புதான், கொஞ்சம் கருஞ்சிவப்பு. தோல் வழியாகப் பார்க்கும்போதுதான் பச்சையாக, நீலமாகத் தெரிகிறது.

ஏன் திரும்பி வருகிறது? அதற்கு ரத்தம் வீடு திரும்புகிற பாதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். டாக்டர் ஒரு காகிதத்தில் வரைந்து காட்டியதை நான் மடித்துப் பர்ஸில் வைத்திருந்தேன். மகள் பத்தாம் வகுப்பு. அவளும் நானுமாக உட்கார்ந்து அவள் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தோம்.

உடம்பு ஓய்வாக இருக்கும்போது இதயம் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தத்தை வெளியே தள்ளுகிறது. அவ்வளவும் நிமிடத்துக்கு நிமிடம் திரும்பி வந்தாக வேண்டும், வந்ததைத்தான் அது தள்ள முடியும். போகும்போது அழுத்தம் உண்டு. நாம் பிபி என்று பார்க்கிறோமே, 120, 80 என்று, அது தமனியின் அழுத்தம். ஆனால் விரல் நுனி, குதிகால், குடல் என்று எல்லா இடத்திலும் மயிரிழையைவிட மெல்லிய தந்துகிகளைக் கடந்து சிரைக்கு வந்து சேரும்போது அதே அளவுகோலில் பத்துப் பதினைந்துதான் மிச்சம். இதயத்தின் வலது மேலறை வாசலில் கிட்டத்தட்ட பூஜ்யம். ஆக, கால் பாதத்திலிருந்து நெஞ்சு வரை ஒரு மீட்டருக்கு மேல் ஏற வேண்டிய ரத்தத்துக்கு இதயம் கொடுத்த தள்ளு மட்டும் போதாது. எந்த நேரத்திலும் உடம்பில் இருக்கிற ரத்தத்தில் பாதிக்கு மேல், மூன்றில் இரண்டு பங்கு வரை, சிரைகளில்தான் இருக்கிறதாம். இவ்வளவு பெரிய சேமிப்பு தேங்கிவிடாமல் நகர்ந்துகொண்டிருக்க வேறு ஏற்பாடு வேண்டும்.

பாதை இப்படி. காலில் இரண்டு அடுக்கு. தோலுக்கு அடியிலேயே ஓடுகிற மேல்சிரைகள், தசைகளுக்கு நடுவே எலும்பை ஒட்டி ஓடுகிற ஆழ்சிரைகள். மேல்சிரைகளில் பெரியது உட்கணுக்காலுக்கு முன்னால் தொடங்கி, காலின் உட்பக்கமாகவே முட்டி தாண்டி, தொடை தாண்டி, இடுக்கில் போய் ஆழ்சிரையோடு சேர்கிறது. உடம்பிலேயே மிக நீளமான சிரை அதுதான். என் கதையின் வில்லனும் அதுதான். ஆனால் காலிலிருந்து திரும்புகிற ரத்தத்தில் பத்தில் ஒன்பது பங்கு ஆழ்சிரைகள் வழியாகத்தான் போகிறது. இரண்டு காலின் பாதைகளும் இடுப்புக்குள் ஏறி, தொப்புளுக்குச் சற்றுக் கீழே, முதுகெலும்புக்கு முன்னால் ஒன்றாகச் சேர்கின்றன. அங்கிருந்து அதன் பெயர் கீழ்ப்பெருஞ்சிரை. முதுகெலும்பின் வலது பக்கமாக ஏறி, சிறுநீரகங்களின் ரத்தத்தை வாங்கிக்கொண்டு, கல்லீரலுக்குப் பின்னால் போய், கல்லீரல் கொடுப்பதையும் சேர்த்துக்கொண்டு, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கிற உதரவிதானம் என்கிற தசையில் இருக்கிற ஒரு துளை வழியாக நெஞ்சுக்குள் நுழைந்து உடனே இதயத்தின் வலது மேலறையில் திறக்கிறது. குடலிலிருந்து சாப்பாட்டின் சத்தோடு வருகிற ரத்தம் மட்டும் நேராக வருவதில்லை, முதலில் கல்லீரலுக்குப் போய் அங்கே சோதனை முடிந்துதான் வருகிறது.

தலை, கழுத்து, இரண்டு கை இவற்றின் ரத்தம் மேற்பெருஞ்சிரை வழியாக இறங்கி அதே மேலறைக்கு வருகிறது. அது ஏழு சென்டிமீட்டர் நீளம்தான், இறங்குகிற பாதை, சுலபம். இதயத் தசை தனக்கென்று செலவழித்த ரத்தம் மூன்றாவதாக ஒரு தனி வாசல் வழியாக அதே அறைக்குள் வருகிறது என்று படித்தபோது எனக்கு என்னவோ அதுதான் பிடித்திருந்தது. ஊருக்கெல்லாம் தண்ணீர் இறைப்பவர் தன் வீட்டுக் குடத்தையும் நிரப்ப வேண்டுமே.

மகள் ஒன்றைத் திருத்தினாள். சிரை என்றால் கெட்ட ரத்தம் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்படி இல்லையாம். நுரையீரலிலிருந்து இதயத்துக்கு வருகிற நான்கு சிரைகளில் ஓடுவது அப்போதுதான் ஆக்சிஜன் ஏற்றிய ரத்தம். இதயத்தை நோக்கி வந்தால் சிரை, இதயத்திலிருந்து போனால் தமனி, அவ்வளவுதான் இலக்கணம். காலிலிருந்து திரும்புகிற ரத்தத்தையும் கெட்டது என்று சொல்ல முடியாது. உடம்பெங்கும் சுற்றி முடித்து இதயத்துக்குத் திரும்பும் ரத்தத்தில், ஓய்வாக இருக்கும்போது, ஏற்றிய ஆக்சிஜனில் முக்கால் பங்கு அப்படியே இருக்குமாம். இதை ஏன் சொல்கிறேன் என்றால், "கெட்ட ரத்தம் தேங்கிடுச்சு, கீறி வெளியே விட்டா சரியாயிடும்" என்று எனக்கே இரண்டு பேர் யோசனை சொன்னார்கள். கீறினால் காலில் புண்தான் மிச்சம். தேங்குவதற்குக் காரணம் ரத்தம் இல்லை, கதவு.

கதவு என்றால் வால்வு. காலில் சிரைகளுக்குள் இரண்டு இதழ் மாதிரியான சின்னச் சின்ன வால்வுகள் இருக்கின்றன. மேலே போகிற ரத்தத்துக்குத் திறக்கும், கீழே சரிய வந்தால் மூடிக்கொள்ளும். இதை நான் வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தபோது என் வீட்டுக்காரர் சட்டென்று, "கட்டை போடற மாதிரியா?" என்றார். அவர் லாரி ஓட்டுகிறார். கிளீனராக இருந்த காலத்தில் ஏற்காட்டுக்குச் சிமென்ட் ஏற்றிப்போவார்களாம். மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவு. பாரத்தோடு வண்டி திணறி நின்றுவிட்டால் கிளீனர் குதித்து ஓடிப் பின் டயருக்குக் கீழே கட்டை வைப்பார். வண்டி ஒரு அடி ஏறினால் கட்டையும் ஒரு அடி நகரும். ஏறியதை இழக்காமல் வைத்துக்கொள்வதுதான் கட்டையின் வேலை. கட்டை வண்டியை ஏற்றாது, எஞ்சின்தான் ஏற்ற வேண்டும். வால்வும் அப்படியேதான். டாக்டர் வரைந்த படத்தைவிட இது எனக்கு நன்றாகப் பதிந்தது. என் காலில் அந்தக் கட்டைகள் தேய்ந்துபோய்விட்டன. தொடை இடுக்கில் இருந்த மேல் கதவு முதலில் கெட்டதும், அதன் பாரமெல்லாம் அடுத்த கதவில், அது கெட்டதும் அதற்கு அடுத்ததில்.

இந்த வால்வு விஷயத்தை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். 1628ல் வில்லியம் ஹார்வி என்கிற ஆங்கிலேய டாக்டர் ரத்தம் சுற்றி வருகிறது என்று நிரூபித்தபோது காட்டிய சோதனைகளில் ஒன்று. அவருடைய ஆசிரியர் ஃபேப்ரிசியஸ் வால்வுகளைப் பார்த்திருந்தார், ஆனால் அவை எதற்கு என்று சரியாகப் பிடிபடவில்லை. நாங்கள் அம்மாவின் முன்கையில் செய்தோம். எழுபது வயதுக் கை, தோல் மெல்லிசு, சிரை கயிறு மாதிரி தெரியும். புடைத்த சிரையின் மேல், மணிக்கட்டுப் பக்கம் ஒரு விரலை வைத்து அழுத்திக்கொண்டு, இன்னொரு விரலால் அங்கிருந்து முழங்கைப் பக்கமாக ஒரு முடிச்சைத் தாண்டும்வரை ரத்தத்தை வழித்துவிட்டேன். மேல் விரலை எடுத்தேன். முடிச்சுவரை ரத்தம் திரும்பி வந்து அப்படியே நின்றது. அதற்குக் கீழே குழாய் வெறுமையாக, பள்ளமாக இருந்தது. கீழ் விரலை எடுத்ததும் ஒரு நொடியில் நிரம்பிவிட்டது. அந்த முடிச்சுதான் வால்வு. அம்மா கையை இழுத்துத் தானே இன்னொரு தடவை செய்து பார்த்தார். அப்புறம் நான் சொல்லாமலே கையைத் தலைக்கு மேல் தூக்கினார். எல்லாச் சிரையும் அடங்கிப்போனது. "பாத்தியா, அன்னிக்குச் சொன்னேன்ல" என்றார்.

சரி, கட்டை இருக்கிறது. எஞ்சின் எது?

கெண்டைக்கால். அந்தத் தசை இறுகும்போது நடுவில் இருக்கிற ஆழ்சிரைகளைப் பிழிகிறது, ரத்தம் மேலே போகிறது. தளரும்போது ஆழ்சிரை காலியாக இருப்பதால் மேல்சிரைகளிலிருந்து குறுக்குக் குழாய்கள் வழியாக ரத்தத்தை உள்ளே இழுக்கிறது. காலடி வைக்கும்போது பாதத்தின் அடியில் இருக்கிற சிரைகளும் பிழியப்பட்டு முதல் தள்ளைக் கொடுக்கின்றன. அசையாமல் நிற்கும்போது கணுக்காலில் சிரையின் அழுத்தம் 80, 90 வரை போகுமாம். நடக்க ஆரம்பித்ததும் ஏழெட்டு அடிக்குள் அது 20, 30க்கு இறங்கிவிடும். கெண்டைக்காலை இரண்டாவது இதயம் என்று டாக்டர் சொன்னது அலங்காரத்துக்கு இல்லை. பள்ளியில் பிரேயரில் வெயிலில் விறைப்பாக நிற்கிற பிள்ளைகள் மயங்கி விழுகிறார்களே, ஒரு பெரிய காரணம் இதுதான். ரத்தம் காலில் தேங்கி இதயத்துக்கு வருவது குறைந்து மூளைக்குப் போவது குறைகிறது. விழுந்ததும் கிடைமட்டமாகிவிடுவதால் தெளிந்துவிடுகிறார்கள். அவர்களை உடனே தூக்கி நிறுத்தக் கூடாது.

இன்னொரு எஞ்சின் மூச்சு. மூச்சை இழுக்கும்போது உதரவிதானம் கீழே இறங்கி வயிற்றை அமுக்குகிறது, நெஞ்சுக்குள் அழுத்தம் குறைகிறது. வயிற்றில் இருக்கிற ரத்தம் நெஞ்சை நோக்கி இழுக்கப்படுகிறது. மேல், கீழ் பெருஞ்சிரைகளில் கால் சிரைகள் மாதிரி வரிசையான வால்வுகள் கிடையாது. அங்கே மூச்சும் இதயத்தின் இழுப்பும்தான் வேலை செய்கின்றன.

இதையெல்லாம் படித்த ராத்திரி நான் அம்மாவின் தறியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அம்மா நாற்பது வருடம் குழித்தறியில் வேட்டி நெய்தவர். குழியின் விளிம்பில் உட்கார்ந்து காலை உள்ளே விட்டால் இரண்டு மிதி. வலது மிதி, இடது மிதி. ஒன்றை மிதித்தால் பாவு பிரியும், நாடா ஓடும், அச்சு அடிக்கும், மற்றதை மிதிக்க வேண்டும். ஒரு நிமிடத்தில் எத்தனை தடவை, ஒரு நாளில் எத்தனை ஆயிரம் தடவை. ஒவ்வொரு மிதிக்கும் கெண்டைக்கால் இறுகித் தளர்ந்திருக்கிறது. தறி வேலை உடம்புக்கு நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. அம்மாவுக்கு முதுகும் தோளும் போய்விட்டன, கண் மங்கிவிட்டது, கூலி எந்தக் காலத்திலும் போதவில்லை. ஆனால் அவர் காலில் ஒரு முடிச்சு இல்லை. பரம்பரையும் இதில் உண்டு, அப்பாவுக்கு இரண்டு காலிலும் இருந்தது, எனக்கு அவர் வழியாக வந்திருக்கலாம். இருந்தாலும், "தறிக்குழியில் கஷ்டப்பட வேண்டாம், ஜவுளிக்கடையில் கௌரவமா நின்னு வேலை பாரு" என்று என்னை அனுப்பினார்களே, அந்த நிற்பதுதான் என் காலைத் தின்றது. கவுண்டருக்குப் பின்னால் இரண்டடி இடம். கை மட்டும் புடவையை விரித்துக்கொண்டே இருக்கும். கால் நட்ட கம்பமாக நிற்கும்.

எனக்கு லேசர் சிகிச்சை செய்தார்கள். முட்டிக்குப் பக்கத்தில் ஊசி வழியாக மெல்லிய கம்பியை அந்த நீளச் சிரைக்குள் செலுத்தி உள்ளிருந்தே சூடு கொடுத்து மூடிவிடுகிறார்கள். மரத்துப்போகிற ஊசி மட்டும்தான், அன்றே நடக்கச் சொன்னார்கள், சாயந்திரம் வீட்டுக்கு வந்துவிட்டேன். ஒரு சிரையையே மூடிவிட்டால் ரத்தம் எப்படித் திரும்பும் என்று நான் பயந்தேன், நீங்களும் பயப்படலாம். மூடிய சிரை ஏற்கனவே தலைகீழாக ஓடிக்கொண்டிருந்தது. அதை அடைத்ததும் ரத்தம் நல்ல நிலையில் இருக்கிற ஆழ்சிரைக்குத் திரும்பிவிடுகிறது. அதனால்தான் முதலில் ஸ்கேனில் ஆழ்சிரை திறந்திருக்கிறதா என்று பார்க்கிறார்கள். ஸ்கேன் எடுக்காமல் சிகிச்சை சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

காலை இறுக்கிப் பிடிக்கிற நீளக் காலுறை, அந்த ஸ்டாக்கிங்ஸ் பற்றி. டாக்டர் சொன்ன அழுத்த அளவில், காலை வேளையில் கணுக்கால், கெண்டைக்கால் சுற்றளவு எடுத்து வாங்க வேண்டும். சாயந்திரம் கால் வீங்கியபின் அளந்தால் பெரிய சைஸ் வந்துவிடும், பயன் இல்லை. காலையில் படுக்கையை விட்டு இறங்குவதற்கு முன்பே போட வேண்டும். உள்ளே வெளியே திருப்பி, குதிகால் வரை நுழைத்து, அப்புறம் மேலே ஏற்றினால் சுலபம். மேல் விளிம்பைச் சுருட்டிவிடாதீர்கள், சுருட்டினால் நான் துண்டு கட்டிய கதைதான். சேலத்துச் சித்திரை வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு டவுன் பஸ்ஸில் போவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். இராத்திரி கழற்றும்போது கால் லேசாக இருப்பது அதைவிடப் பெரிதாகத் தெரிந்தது. ஒரு எச்சரிக்கை. சர்க்கரை உள்ளவர்கள், பீடி சிகரெட் பழக்கம் உள்ளவர்கள், நடந்தால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது, நின்றால் விட்டுவிடுகிறது என்பவர்கள் கேட்காமல் போடக் கூடாது. அவர்களுக்குத் தமனியில் அடைப்பு இருக்கலாம், இறுக்கினால் கால் செத்தே போகலாம்.

காலில் எல்லா வீக்கமும் என் கதை மாதிரி இல்லை. இரண்டு காலும் ஒரே மாதிரி வீங்கினால் இதயம், சிறுநீரகம், கல்லீரல் பார்க்க வேண்டும். சில பிபி மாத்திரைகளும் கணுக்காலை வீங்கவைக்கும். நேராக உட்கார்ந்திருக்கும்போதும் கழுத்துச் சிரை புடைத்துத் தெரிந்தால், திரும்பி வருகிற ரத்தத்தை இதயம் வாங்க முடியாமல் திணறுகிறது என்று அர்த்தமாக இருக்கலாம், தள்ளிப்போடாதீர்கள்.

ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி, கெண்டைக்கால் வலித்து, தொட்டால் சூடாக இருந்தால் அதுதான் நான் மிகவும் பயப்படுவது. எங்கள் தெருவில் ஒரு அக்காவுக்குக் கால் எலும்பு முறிந்து மாவுக்கட்டுப் போட்டு ஒரு மாதம் படுக்கையில் இருந்தார். கட்டுப் பிரித்த பிறகு தொடை வரை வீங்கியது. எலும்பு முறிந்த கால்தானே, அப்படித்தான் இருக்கும் என்று விளக்கெண்ணெய் காய்ச்சி உருவிவிடப் போனார்கள். நல்ல வேளை, பார்க்க வந்த நர்ஸ் ஒருவர் தடுத்துவிட்டார். ஆழ்சிரையில் ரத்தம் உறைந்திருந்தது. அந்தக் கட்டி பெயர்ந்தால் அது போகிற பாதையும் நான் மேலே சொன்ன பாதைதான். இடுப்பு, கீழ்ப்பெருஞ்சிரை, இதயத்தின் வலது பக்கம், அங்கிருந்து நேராக நுரையீரல். அங்கே போய் அடைத்தால் மூச்சு முட்டும், உயிரே போகலாம். அப்படி வீங்கிய காலை உருவாதீர்கள், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அக்காவுக்கு ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை கொடுத்தார்கள், இப்போது மாரியம்மன் கோவிலுக்கு நடந்தே போய் வருகிறார்.

கடையில் என்னோடு வேலை பார்த்த பெண் ஏழு மாதக் கர்ப்பமாக இருந்தபோது மல்லாந்து படுத்தால் தலை சுற்றுகிறது என்றாள். கீழ்ப்பெருஞ்சிரை முதுகெலும்பின் வலது பக்கம் போகிறது என்று படித்தேன் அல்லவா, நிறைமாத வயிறு அதன் மேல் சாய்ந்தால் ரத்தம் திரும்புவது குறையும். இடது பக்கம் ஒருக்களித்துப் படு என்று பெரியவர்களும் நர்ஸுகளும் சொல்வதன் காரணம் இதுதான். அவளிடம் காரணத்தோடு சொன்னதும் உடனே கேட்டுக்கொண்டாள்.

இனி நாற்காலி விஷயம். தமிழ்நாட்டில் 2021ல் கடைகள் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, வேலை செய்கிறவர்கள் எல்லாருக்கும் உட்கார இருக்கை தர வேண்டும், வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம் என்று சேர்த்தார்கள். கேரளத்தில் 2018லேயே வந்துவிட்டது. நான் வேலை பார்க்கிற கடையில் சட்டம் வந்த பிறகும் மாடிப்படிக்குக் கீழே நாலு ஸ்டூல் அடுக்கியே கிடந்தது. உட்கார்ந்தால் வாடிக்கையாளர் தப்பாக நினைப்பார்கள் என்பது சூப்பர்வைசரின் வாதம். பத்தொன்பது வருடத்தில் ஒரு வாடிக்கையாளரும் என்னிடம் "ஏன் உட்கார்ந்திருக்கிறாய்" என்று கேட்டதில்லை, நான் உட்கார்ந்தால்தானே கேட்பதற்கு. சிகிச்சை முடிந்து போனபோது டாக்டரின் சீட்டையும் சட்டத்தின் நகலையும் கொண்டுபோய் மேனேஜர் மேஜையில் வைத்தேன். சண்டை போடவில்லை. ஒரு வாரம் கழித்து எங்கள் செக்‌ஷனுக்கு இரண்டு ஸ்டூல் வந்தது. ஆறு பேருக்கு இரண்டு. போதாது, கேட்டுக்கொண்டேதான் இருக்கிறோம்.

ஆனால் ஸ்டூலில் காலைத் தொங்கவிட்டு மணிக்கணக்கில் உட்கார்ந்தாலும் கெண்டைக்கால் சும்மாதான் இருக்கும். அதனால் நாங்கள் ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். ஒரு புடவையை விரித்து மடித்து வைத்ததும் குதிகாலை நாலு தடவை தூக்கி இறக்குவது. கவுண்டருக்குப் பின்னால் யாருக்கும் தெரியாது. புடவைக்கு நாலு என்றால் ஆடித் தள்ளுபடி நாளில் ஒருவருக்கு ஐந்நூறு தடவை தாண்டிவிடும். மடிப்பு எடுக்க உள்ளே போகும்போது சுற்றி நடந்து போவது, சாப்பாட்டு நேரத்தில் பத்து நிமிடம் காலைச் சுவரில் சாய்த்துப் படுப்பது, இரண்டு பெரிய மூச்சு அடிவயிறு வரை இழுத்து விடுவது. புதிதாக வந்த பத்தொன்பது வயதுப் பெண் முதல் நாளே செய்ய ஆரம்பித்துவிட்டாள். அவள் காலில் இன்னும் ஒன்றும் இல்லை.

என் வலது கணுக்காலில் தோல் கறுத்தது அப்படியேதான் இருக்கிறது. ரத்தம் கசிந்து அதன் இரும்புச் சத்து தோலில் படிந்துவிட்ட கறை, முழுதாகப் போகாது என்று சொல்லிவிட்டார்கள். அந்த இடத்தில் அரிப்பு வந்தால் சொறியாமல் தேங்காய் எண்ணெய் தொட்டு வைக்கிறேன், சொறிந்தால் புண் ஆகும், ஆறுவதற்கு மாதங்கள் ஆகும். இடது காலில் ரத்தம் லேசாகத் திரும்பிக் கீழே வருகிறது, இப்போதைக்கு ஒன்றும் செய்ய வேண்டாம், வருடம் ஒருமுறை ஸ்கேன் போதும் என்றார்கள்.

போன மாதம் லீவு நாளில் அம்மாவின் தறியில் உட்கார்ந்தேன். அம்மா இப்போது நெய்வதில்லை, ஆனால் பாவு ஒன்று பாதியில் நிற்கிறது. குழிக்குள் காலை விட்டு மிதித்தேன். இருபது மிதிக்குள் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்துக்கொண்டது. அம்மா பக்கத்தில் வந்து குனிந்து என் காலைத் தொட்டுப் பார்த்தார். "அப்ப இத்தன வருசமா என் காலு நெஞ்சுக்குத் தண்ணி எறச்சுக்கிட்டே இருந்துச்சா?" என்று கேட்டார். ஆமாம்மா என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் இடது மிதியைக் காட்டி, "அத இன்னும் அழுத்தி மிதி, நாடா சிக்குது" என்றார்.